உங்கள் போனுக்குள் இன்னோர் இயங்குதளம் ஒளிந்திருக்கிறது... தெரியுமா?

உங்கள் கையில் இருக்கும் போனில் எத்தனை இயங்குதளங்கள் ஓடுகின்றன தெரியுமா? ஆண்ட்ராய்டு ஒன்றுதானே என்பீர்கள். இல்லவே இல்லை! டவரோடு பேசுகிற மோடம் சிப்புக்குள் தனியாக ஒரு செயலி இருக்கிறது. அதற்குள் தனியாக ஓர் இயங்குதளம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத் திரை கிடையாது, ஐகான் கிடையாது. 4ஜி-யில் டவரிலிருந்து ஒரு தரவுத் துண்டு வந்து சேர்ந்தால், "ஒழுங்காக வந்தது" என்றோ "கெட்டுப்போய் வந்தது, மறுபடி அனுப்பு" என்றோ நான்காவது மில்லிநொடியில் பதில் போயாக வேண்டும். ஒரு நொடியை 250 துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு! நீங்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, ஆண்ட்ராய்டு மூச்சுத் திணறித் தொங்கினாலும் சரி, அந்தப் பதில் தாமதிக்கக் கூடாது. அதனால்தான் இந்த வேலையை ஆண்ட்ராய்டை நம்பி விடவில்லை. இதைச் செய்வது நிகழ்நேர இயங்குதளம். பொறியாளர்கள் வாயில் ஆர்டிஓஎஸ்.

பெயரைக் கேட்டதும் இது படுவேகமான ஒன்று என்று தோன்றும். அங்கேதான் முதல் ஆச்சரியம். வேகத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை! கார் மோதினால் காற்றுப்பையை விரிக்கலாமா வேண்டாமா என்று சில பத்து மில்லிநொடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டும். வழக்கமாக 1 மில்லிநொடியில் முடித்துவிட்டு, என்றோ ஒருநாள் மட்டும் 200 மில்லிநொடி எடுத்துக்கொள்கிற கணினி அங்கே உதவாது. எப்போதும் 10 மில்லிநொடி எடுத்துக்கொள்கிற மந்தமான சிப் போதும், உயிர் பிழைக்கும். சராசரியைப் பற்றி இந்தத் துறைக்குக் கவலையே இல்லை. ஆக மோசமான நாளில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது மட்டும்தான் கேள்வி.

சரி, இதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ளலாம் என்று தேடினால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் நிறுவனங்களின் பளபளப்பான விளம்பரத் தாள்கள். எல்லாவற்றிலும் "நம்பகமானது", "உறுதியானது". தூக்கம் வரும்! இது ஒழுங்காக ஓடுகிறவரை எழுதுவதற்கு எதுவும் இல்லை, அதுதான் சிக்கல். தடுமாறிய இடங்களில்தான் ஆவணம் கிடைக்கிறது. விபத்து விசாரணை அறிக்கைகள், விமானத்துறையின் எச்சரிக்கை ஆணைகள், பொறியாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய மின்னஞ்சல்கள்... புதையல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. தோண்டுவோமா?

செவ்வாய்க் கிரகத்தில் ஒரு கணினி தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருந்த கதை தெரியுமா?

1997 ஜூலை 4. நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர், காற்றுப்பைகளின் மேல் துள்ளித் துள்ளிச் செவ்வாயில் இறங்கியது. உள்ளே ஓடியது விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ஆர்டிஓஎஸ். படங்கள் வந்தன, உலகமே கைதட்டியது. சில நாளில், வானிலைத் தகவலைச் சேகரிக்கத் தொடங்கியதும், கலம் திடீர் திடீரென்று ரீசெட் ஆனது! ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. போய்ப் பார்க்கவா முடியும்? ஒளியின் வேகத்தில் போகும் ரேடியோ அலைக்கே அங்கே போய்ச் சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது.

என்ன நடந்தது என்பதைக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சொன்னால் எளிது. சமையல் மாஸ்டருக்குச் சரக்கறைச் சாவி அவசரமாக வேண்டும். சாவி எடுபிடிப் பையனிடம் இருக்கிறது, தேங்காய் எடுக்கப் போயிருக்கிறான். இரண்டு நிமிடத்தில் தந்துவிடுவான். ஆனால் வழியில் மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர் அவனைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, அந்த நாற்காலியையெல்லாம் கொஞ்சம் நகர்த்து" என்கிறார். பையனால் மாமாவை மீற முடியாது. மாமாவுக்கோ மாஸ்டர் காத்திருப்பது தெரியாது. விளைவு? மண்டபத்திலேயே முக்கியமான ஆள் அடுப்படியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்!

பாத்ஃபைண்டரில் எடுபிடிப் பையன், முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி. சாவி, பொதுத் தகவல் பாதையைப் பயன்படுத்தும் உரிமை. மாமா, நடுத்தர முன்னுரிமை கொண்ட தகவல்தொடர்புப் பணி. மாஸ்டர், அந்தப் பாதையை நொடிக்கு எட்டு முறை நிர்வகிக்க வேண்டிய தலையாய பணி. அது குறித்த நேரத்தில் முடியவில்லை என்று கண்டதும் காவல் நிரல், "ஏதோ பெரிய கோளாறு" என்று மொத்தக் கணினியையும் ரீசெட் செய்துவிட்டது. இதற்கு முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று பெயர்.

தீர்வு இன்னும் விசித்திரம். பூமியில் இருந்த இரட்டைக் கலத்தில் மணிக்கணக்காக ஓட்டி அதே கோளாறை வரவழைத்தார்கள். பிறகு விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கெனவே இருந்து, அணைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு விருப்பத்தை "ஆன்" செய்யும் சின்னத் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான்! அந்த விருப்பம் என்ன செய்யும்? சாவி கையில் இருக்கும்வரை பையனுக்கு மாஸ்டரின் அந்தஸ்தைக் கொடுத்துவிடும். மாமாவால் மறிக்க முடியாது. சாவி கைமாறியதும் பையன் பழையபடி பையன். இதுதான் முன்னுரிமை மரபேற்பு.

இந்தத் தீர்வைக் கோட்பாடாக நிறுவி எழுதியவர்களில் ஒருவர் நம்ம ஊரில் படித்தவர் என்பது தெரியுமா? லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி என்ற மூவரும் சேர்ந்து 1990 செப்டம்பரில் ஐஇஇஇ கணினி ஆய்விதழில் அந்தக் கட்டுரையை வெளியிட்டார்கள். ராஜ்குமார் 1984-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்காவின் கார்னகி மெலனுக்குப் போனவர், பின்னாளில் ஓட்டுநரில்லாக் கார் ஆராய்ச்சியில் பெரிய பெயர். பாத்ஃபைண்டர் இறங்குவதற்கு ஏழு ஆண்டு முன்பே விடை அச்சாகிவிட்டது!

1997 டிசம்பரில் நடந்த நிகழ்நேரக் கணினி மாநாட்டில் விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னபோது, கட்டுரை எழுதிய மூவரும் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அரங்கமே அவர்களுக்குக் கைதட்டியது. அதை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் மைக் ஜோன்ஸ் மின்னஞ்சலாக எழுத, உலகம் முழுக்கப் பரவியது. அது பரவப் பரவ, கலத்தின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை வகித்த கிளென் ரீவ்ஸ், "உண்மையில் நடந்தது இது" என்று விரிவாக இன்னொரு கடிதம் எழுதினார். அதில் ஓர் ஒப்புதல் உண்டு. செவ்வாயில் இறங்குவதற்கு முன்பே இந்த ரீசெட் தலைகாட்டியதாம். மறுபடி வரவழைக்க முடியாததால் பிடிபடவில்லையாம். இரண்டு கடிதங்களும் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், எந்தப் பாடநூலையும் திறப்பதற்கு முன் மாணவர்கள் படிக்க வேண்டியவை இவைதாம்.

இதே விஎக்ஸ்வொர்க்ஸ், 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தியிலும் போனது. இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் பெருகிப்போய்க் கணினி 60 தடவைக்கு மேல் ரீஸ்டார்ட் ஆனது! ஃபிளாஷையே தொடாமல் எழுந்திரு என்று கட்டளை அனுப்பிக் காப்பாற்றினார்கள். 90 செவ்வாய் நாட்களுக்கென்று திட்டமிட்ட ஊர்தி 2010 மார்ச் வரை பூமியோடு பேசியது.

செவ்வாய்க்கு முன்னால் நிலாவுக்குப் போவோம். 1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் 1202 என்று எச்சரிக்கை! மறுபடியும் 1202! பிறகு 1201! மொத்தம் ஐந்து முறை. தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரேடாரின் துடிப்புகள், கணினியின் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் திருடிக்கொண்டிருந்தன. அந்தக் கணினியிடம் இருந்ததே 2,048 சொல் தற்காலிக நினைவகமும் 36,864 சொல் நிரந்தர நினைவகமும்தான். வேலைகள் குவிந்து இடம் நிரம்பிவிட்டது.

அப்போது அது என்ன செய்தது தெரியுமா? எல்லாவற்றையும் உதறிவிட்டு நொடிப்பொழுதில் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்தது. இயந்திரத்தை இயக்குவது, கலத்தின் சாய்வைக் கட்டுப்படுத்துவது போன்ற உயிர்நாடி வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மற்றதைக் கழற்றிவிட்டது! முன்னுரிமை பார்த்து வேலை பிரித்துக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை எம்ஐடி-யில் வடிவமைத்தவர் ஹால் லேனிங். ஹூஸ்டனில் அந்த எச்சரிக்கை எண்களைக் கையால் பட்டியல் எழுதி வைத்திருந்து, "போகலாம்" என்று சொல்ல உதவியவர் ஜாக் கார்மன். வயது 24!

அந்த நிரலை நீங்களே படிக்கலாம். எம்ஐடி அருங்காட்சியகத்தில் இருந்த காகித அச்சுப்படிகளைப் பார்த்து ஆர்வலர்கள் வரி வரியாகத் தட்டச்சு செய்தார்கள். 2016-இல் கிட்ஹப்பில் ஏறியதும் உலகம் மொய்த்தது. நிலவில் இறங்கும் கணக்குகளுக்கு நடுவே ஒரு பொறியாளர், இந்த வரி தற்காலிகம்தான் என்று நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன் என்ற பொருளில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தற்காலிக வரி அப்படியே நிலவுக்குப் போய்விட்டது. மென்பொருள் வேலை பார்க்கிற யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது!

12 ஆண்டு தள்ளி, 1981 ஏப்ரல் 10. முதல் விண்வெளி ஓடம் கொலம்பியா கிளம்ப இருபதே நிமிடம். ஓடத்தில் ஐந்து கணினிகள். நான்கில் ஒரே மென்பொருள். ஐந்தாவதில், முதல் நான்கும் ஒரே பிழையால் சேர்ந்து கவிழ்ந்தாலும் காப்பாற்ற, வேறொரு நிறுவனம் தனியாக எழுதிய மென்பொருள். அந்த ஐந்தாவது, மற்ற நான்கோடு நேரம் ஒத்துப்போக மறுத்தது. ஏவுதல் இரண்டு நாள் தள்ளிப்போனது! முதல் கணினியை ஆன் செய்கிற கணத்தைப் பொறுத்து 67-இல் ஒரு தடவை மட்டும் வரக்கூடிய நேரப் பிசகு அது. அதை ஆராய்ந்து கட்டுரையாக எழுதியவர் யார் என்கிறீர்கள்? அதே ஜாக் கார்மன்தான்.

கடிகாரம் பிசகினால் ஆள் சாகும் என்பதற்கும் அறிக்கை உண்டு. 1991 பிப்ரவரி 25. சவூதியின் தஹ்ரானில் அமெரிக்கப் படையின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். அந்தக் கணினி காலத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்ற பின்னம் இரும எண்ணில் முடிவே இல்லாமல் நீளும். 24 பிட்டோடு வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் இம்மியளவு பிழை. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அந்த இம்மி சேர்ந்து 0.34 நொடி ஆனது. அதற்குள் இலக்கைத் தேடும் இடம் 687 மீட்டர் விலகிவிட்டது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்த நாள் பிப்ரவரி 26. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 1992-இல் வெளியிட்ட அறிக்கை இது, யாரும் எடுத்துப் படிக்கலாம். சில பக்கங்கள்தான்.

போயிங் 787-ஐ 120 நாளுக்கு ஒருமுறையாவது அணைத்துப் போட வேண்டும் என்று அரசாங்கமே சொன்னது தெரியுமா? 2015-இல் அமெரிக்க விமானத்துறை ஆணையே பிறப்பித்தது! மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கணினிகளில் ஓர் எண்ணி இருந்தது. தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தில் இருந்தால் அது நிரம்பி வழியும். நான்கு மின்னாக்கிகளும் ஒரே நேரத்தில் கைவிரிக்கக்கூடும். ஆணை காரணத்தை அதற்கு மேல் விளக்கவில்லை. நொடியை நூறாக்கி எண்ணுகிற 31 பிட் எண்ணி எத்தனை நாளில் நிரம்பும் என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 248.55 நாள்!

எண்ணி நிரம்புவது தப்பே இல்லை, எந்த எண்ணியும் என்றோ ஒருநாள் நிரம்பும். அதை எதிர்பார்த்தீர்களா என்பதுதான் விஷயம். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இலவச ஆர்டிஓஎஸ்ஸில் 32 பிட் எண்ணி மில்லிநொடிக்கு ஒன்று கூடினால் ஏறக்குறைய 49.7 நாளில் சுழியத்துக்குத் திரும்பிவிடும். அதனால் காத்திருக்கும் பணிகளுக்கு அது இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது. எண்ணி நிரம்புவதற்கு முன் எழ வேண்டியவை ஒன்றில், நிரம்பிய பிறகு எழ வேண்டியவை இன்னொன்றில். சுழியம் வந்த கணத்தில் இரண்டையும் இடம் மாற்றிவிடும். எவ்வளவு சின்னத் தந்திரம், எவ்வளவு அழகு!

அதைவிட வியப்பு, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மையமே மூன்று கோப்புகள்தான்! பணிகளுக்கு ஒன்று, வரிசைகளுக்கு ஒன்று, பட்டியல்களுக்கு ஒன்று. ரிச்சர்ட் பேரி என்ற பொறியாளர் 2003-இல் தொடங்கியது. 2017-இல் அமேசான் பொறுப்பேற்றது. அவர் எழுதிய முழுக் கையேடும் இலவசம். ஒரு முழு இயங்குதளத்தின் உயிரை ஒரு வார இறுதியில் படித்து முடிக்கலாம் என்றால் நம்புவீர்களா?

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு துண்டு. செயலியின் நேரத்தில் 69.3 சதவீதத்தைத் தாண்டாமல் வேலை கொடுத்தால், ஒன்றையொன்று சாராமல் சீரான இடைவெளியில் வரும் பணிகள் எத்தனை இருந்தாலும் ஒன்றுகூடக் கெடு தவறாது! அடிக்கடி வரும் பணிக்கு அதிக முன்னுரிமை என்ற ஒரே விதியைப் பின்பற்றினால் போதும். 1973-இல் லியூவும் லேலண்டும் நிறுவிய தேற்றம் இது. (அந்த எண் 2-இன் இயல் மடக்கை. எங்கிருந்து எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!) யாருடைய கெடு முதலில் முடிகிறதோ அவருக்கே முதலிடம் என்று அவ்வப்போது மாற்றிக்கொடுத்தால் 100 சதவீதம் வரை போகலாம் என்றும் அதே கட்டுரை சொல்கிறது.

ஆனால் செயலிகளைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். பெல் ஆய்வகத்தின் ரொனால்ட் கிரஹாம் 1960-களிலேயே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சில வேலைப் பட்டியல்களில் செயலியைக் கூட்டினால், அல்லது ஒவ்வொரு வேலையின் நேரத்தையும் குறைத்தால், மொத்த வேலையும் முடிய இன்னும் அதிக நேரம் ஆகும்! ஆள் கூடினால் வேலை தாமதமாகும் என்பதைச் சில அலுவலகங்களில் கண்கூடாகப் பார்க்கலாம். கிரஹாம் கணிதமாகவே காட்டிவிட்டார்.

மூச்சு வாங்குகிறதா? இன்னும் இருக்கிறது!

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் லினக்ஸ் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். முதல் மாடல்களில் அந்த லினக்ஸை எழுப்புவது யார்? கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் த்ரெட்எக்ஸ் என்ற ஆர்டிஓஎஸ்! மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது கிராஃபிக்ஸ் சிப்தான். அது எழுந்து தயாரான பிறகே மையச் செயலிக்கு உயிர் வரும்.

கனடாவின் க்யூஎன்எக்ஸ் என்ற ஆர்டிஓஎஸ் நிறுவனம் 1990-களின் இறுதியில் ஒரு ஃபிளாப்பி வெளியிட்டது. 1.44 எம்பி. அதற்குள் முழு இயங்குதளம், ஜன்னல் மெனு எல்லாம் கொண்ட திரை, இணைய உலாவி! 2010-இல் அந்த நிறுவனத்தை பிளாக்பெர்ரி போன் நிறுவனம் வாங்கியது. போன் போயே போய்விட்டது. க்யூஎன்எக்ஸோ 25 கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களில் இருப்பதாக 2024-இல் அந்த நிறுவனம் சொன்னது. தன் புகழ்பெற்ற போனைவிட, வாங்கிய சரக்கால் பிழைத்த நிறுவனம்!

ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென் சாகமுரா 1984-இல் டிரான் என்ற திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் அதை வணிகத் தடைகளின் பட்டியலில் சேர்த்தது. ஓர் இயங்குதளத் திட்டத்தைப் பார்த்து வல்லரசுக்கு அவ்வளவு பயம்! மேசைக் கணினியில் டிரான் தலையெடுக்கவில்லை. ஆனால் அதன் நிகழ்நேரக் கிளையான ஐட்ரான் கேமராவிலும் கார் எஞ்சினிலும் சத்தமில்லாமல் குடியேறிவிட்டது. 2018-இல் அந்தக் குடும்பத்து வாரிசு ஒன்றின் அடிப்படையில் ஐஇஇஇ சர்வதேசத் தரநிலையே வகுத்தது.

பிழையே இல்லை என்று கணித நிரூபணம் பெற்ற இயங்குதள மையம் ஒன்று உண்டு, தெரியுமா? 2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எஸ்இஎல்4 என்ற நுண்மையத்துக்கு அதைச் செய்து காட்டினார்கள். நிரல் 8,700 வரி. நிரூபணம் சுமார் 2,00,000 வரி! விவரக்குறிப்பில் எழுதியதை நிரல் மாறாமல் செய்கிறது என்பதற்கான சான்று அது. விவரக்குறிப்பையே தப்பாக எழுதியிருந்தால் கணிதம் என்ன செய்யும் பாவம், அதுவும் உண்மை. நிரல், நிரூபணம் இரண்டும் 2014 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கின்றன.

கடைசியாக லினக்ஸ். சர்வரிலும் போனிலும் கொடிகட்டிப் பறக்கும் லினக்ஸை நேரம் தவறாததாக மாற்ற ஒரு குழு ஏறத்தாழ 20 ஆண்டுகள் போராடியது. கடைசி முட்டுக்கட்டை என்ன தெரியுமா? திரையில் செய்தி அச்சிடும் சாதாரணப் பகுதி! பிழைச் செய்தி வரும் நேரத்தில் மொத்த இயங்குதளமும் அதற்காகக் காத்து நின்றது. 2024 செப்டம்பரில் வியன்னா மாநாட்டில் தாமஸ் கிளைக்ஸ்னர், மையத்தில் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பொன்னிறத் தாளில் சுற்றி, லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். எல்லாம் மின்னஞ்சலில் நடக்கிற உலகத்தில் சீர்வரிசைபோல ஒரு பொட்டலம்! அந்த ஆண்டு நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் அது இடம்பிடித்தது.

கல்லூரி மாணவர்கள் கைக்கெட்டும் விலையில் வாங்கி விளையாடுகிற இஎஸ்பி32 பலகையில், ஆர்டுயினோ முறையில் ஒரு எல்இடியைக் கண் சிமிட்ட வைத்திருக்கிறீர்களா? அடியில் ஓடியது ஃப்ரீஆர்டிஓஎஸ். நீங்கள் எழுதிய அந்தச் சுழற்சி, அதன் கண்ணுக்கு ஒரு பணி. பலகை இல்லையா? ஜெஃபிர் என்ற இன்னொரு திறந்த மூல ஆர்டிஓஎஸ்ஸை க்யூஎம்யூ என்ற போலிக் கணினிக்குள் உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டலாம், காசு செலவில்லை. மூன்று பணி எழுதுங்கள். உயர்ந்தது ஒன்று, நடுத்தரம் ஒன்று, தாழ்ந்தது ஒன்று. ஒரே பூட்டை உயர்ந்ததும் தாழ்ந்ததும் கேட்கட்டும். பூட்டாக, முன்னுரிமை மரபேற்பு இல்லாத சாதாரண செமஃபோரை முதலில் போடுங்கள். பிறகு மரபேற்பு உள்ள மியூடெக்ஸை மாற்றிப் போடுங்கள். செவ்வாயில் நடந்த கோளாறும் அதற்கான தீர்வும் உங்கள் திரையிலேயே வரிசையாக ஓடும்!